வானதியின் வலக்கையில் ஏழு எழுத்து

வானதி தன் கணவன் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதே பெயர் இருபது வருடமாக அவள் வலது முன்கையில், முழங்கைக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டுக்குச் சற்று மேலே முடிகிற நீளத்துக்கு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூடப் படிக்கும் அளவில் பச்சை குத்தியிருந்தது. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பியவர்கள், அதை ஊசியால் தோலில் எழுதி ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தால் ஒன்றும் ஆகாது என்றும் நம்பினார்கள். இதில் முரண் இருப்பதாகத் திருவையாற்றுக்கு மேற்கே வடகரைக்குடியில் யாருக்கும் தோன்றவில்லை. வாய் வேறு, கை வேறு.

பெயர் செந்தில்குமார். ஏழு எழுத்து. கல்யாணமான முதல் சித்திரையில், திருவிழாக் கடையில் பேட்டரி ஊசியோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் கையை நீட்டிக் குத்திக்கொண்டாள். நாலாவது எழுத்தில் அழுதுவிட்டாள். "பேரு சின்னதா உள்ள ஆளாப் பாத்துக் கட்டியிருக்கணும்மா" என்று அந்த மனிதர் சொன்னதை அவளே பின்னால் சிரித்துக்கொண்டு சொல்வாள். முருகன் பெயராகவும் போய்விட்டதால் கூடுதல் இடைஞ்சல். பஜனையில் அந்த வார்த்தை வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வாள். மேலத்தெருவில் குமார் வைத்திருக்கும் மளிகைக் கடையை 'மேலக்கடை' என்பாள்.

கை நன்றாக உழைத்தது. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் கையைக் காட்டுவாள். வங்கியிலும் கிராம நிர்வாக அலுவலகத்திலும், மகள் பூர்ணிமாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் அப்படித்தான். கேள்வி வந்தவுடன் முன்கை முன்னால் வரும். எதிரே இருப்பவர் படித்து எழுதிக்கொள்வார். பெயருக்கு உரியவர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய், அங்கே இன்னொரு குடும்பமும் ஆகி, ஊருக்கு வருவதை நிறுத்திய பிறகும் இந்த ஏற்பாடு நிற்கவில்லை. ஆள் போய்ப் பன்னிரண்டு வருடம். பெயர் மட்டும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

வானதிக்கு நாற்பது வயது. நடவு வேலை. நடவு மெஷின் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் மெஷின் இறங்கினால் ஏற மறுக்கிற பள்ள வயல்கள் காவிரிக் கரையில் இன்னும் நிறைய உண்டு. அங்கே இடது கையில் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்து நாலைந்து நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றவேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது முதுகு வேலை. செய்கிறவர்களுக்கு விரல் வேலை. வானதியின் விரல்கள் வேகமானவை. பூர்ணிமாவை அந்த மூன்று விரல்தான் தஞ்சாவூரில் கல்லூரி இரண்டாம் வருடம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தன.

போன வருடம் பங்குனியில், இலவசச் சட்ட உதவியின் தயவில் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. அதற்குக் காரணம் ரெத்தினம். திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், நாற்பத்தாறு வயது. வானதி வேலை செய்த வயலில் போர் மோட்டார் ரிப்பேருக்கு வந்தார். மோட்டார் சரியான பிறகும் வந்தார். ஓடுகிற மோட்டாரை ஒருவர் நாலு தடவை வந்து பார்த்தால் ஊருக்குப் புரியும்; வானதிக்கும் புரிந்தது. முதலில் சம்மதம் சொன்னது பூர்ணிமாதான். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு வாரம் யோசித்து, 'சித்தப்பா' என்று முடிவு செய்தாள்.

ஆவணி பன்னிரண்டாம் தேதி கல்யாணம் என்று பேசி, ஆனி மாதத்தில் கோயில் அலுவலகத்துக்குப் பதிவு செய்யப் போனார்கள். நிச்சயமாகிவிட்டதால் வானதி 'ரெத்தினம்' என்று சொல்வதையும் நிறுத்தியிருந்தாள்.

"பொண்ணு பேரு?" என்றார் குமாஸ்தா.

"வானதிங்க."

"மாப்பிள்ளை பேரு?"

கை நீண்டது. இருபது வருடப் பழக்கம். அவள் நீட்டவில்லை, அதுவாகவே நீண்டது. குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார், எழுதினார், நிமிர்ந்து பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்.

"ஆதார் குடுங்க, செந்தில்குமார்."

"நான் ரெத்தினங்க."

"ஓ, மாப்பிள்ளை வரலையா? நீங்க அண்ணனா?"

"மாப்பிள்ளைங்க."

"அப்ப இந்தச் செந்தில்குமாரு?"

ரெத்தினம் கொஞ்சம் யோசித்து, "அவரு முந்தி" என்றார்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்காமல் அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். ரெத்தினமும் சிரித்தார், வெளியே வந்து, செருப்பைத் தேடிக்கொண்டே சமாதானம் சொன்னார்: "இதுக்குப் போயி மூஞ்சிய வச்சிக்கிட்டு… பட்டறைக்கு வர்ற மோட்டார் எல்லாத்துலயும் பழைய ஓனரு பேரு பெயிண்ட்ல இருக்கும். நான் காயிலத்தான் பாப்பேன்."

"நான் மோட்டார் இல்ல" என்றாள் வானதி.

பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்தில் சொன்னாள்: "தாலி கட்டுனப்புறம் கையப் புடிச்சுக் குடுப்பாங்க. அப்ப இந்தக் கையில இந்தப் பேரு இருக்கக்கூடாது. ஒங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும். எனக்கு இருக்கு."

ஆவணி பன்னிரண்டுக்குள் ஏழு எழுத்தும் போகவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அது எவ்வளவு பெரிய கேள்வி என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மறுநாள் நடவு வயலில் எட்டுப் பேரும் ஆலோசனை சொன்னார்கள். உப்பை வைத்துத் தேய்க்கவேண்டும் என்றாள் ஒருத்தி. வெற்றிலைச் சுண்ணாம்பு போதும் என்றாள் இன்னொருத்தி. அதன்மேலேயே பெரிய தாமரைப்பூவாகக் குத்தி மறைத்துவிடலாம் என்றாள் மூன்றாமவள். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பையன் அழகாகப் போடுகிறானாம். எல்லோரையும்விட மூத்தவளான நாகம்மாள் மட்டும் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எல்லாரும் சொல்லி முடிங்கடி. கடைசியா என்கிட்டதான் வருவா" என்றாள்.

முதலில் பூர்ணிமாவின் வழி. செல்போனில் தேடித் தஞ்சாவூரில் ஒரு பியூட்டி பார்லரைக் கண்டுபிடித்தாள். 'ஒரே சிட்டிங், வலியே இல்லை' என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனார்கள். குளிர்சாதன அறை, ரோஜா வாசனை, சுவரில் வெள்ளைக்கார முகங்கள். சுருட்டைத் தலைமுடியோடு ஒரு இளம்பெண் வானதியின் கையைப் பார்த்து, "பத்து நிமிசந்தாங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ரெத்தினத்துக்கு ஒரு மெஷினைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. குனிந்து பின்பக்கம் பார்த்தார்.

"இதுல கம்பெனி பேரையும் காணும், வாட்ஸையும் காணும். எர்த் எங்கம்மா போவுது?"

"அதெல்லாம் மேடத்துக்குத்தான் தெரியும் சார்."

"மேடம் டாக்டரா?"

"ட்ரெய்னிங் எடுத்துருக்காங்க சார்."

"எத்தன நாளு?"

"ரெண்டு நாளு. ஆன்லைன்ல."

ரெத்தினம் நிமிர்ந்தார். "நான் காயில் கட்டக் கத்துக்க மூணு வருசம் ஆச்சு. சரி, கண்ணுக்குப் போட்டுக்கற கண்ணாடி எங்க?"

"கண்ண மூடிக்கிட்டா போதும் சார். எல்லாரும் அப்படித்தான்."

"வெல்டிங் பத்தவைக்கறப்பவே எட்ட நிக்கறவன்கூட மூஞ்சிய மறைச்சுக்கிறான். நீ லேசரைக் கையில வச்சிக்கிட்டு கண்ண மூடிக்கன்னு சொல்ற. வானதி, எந்திரி."

வானதி எழுந்தாள். எழுந்ததற்குக் காரணம் லேசர் மேல் பயமல்ல. மூன்று வருடம் கற்றுக்கொண்டவரின் பேச்சுக்கு மரியாதை. படிக்கட்டில் இறங்கும்போது பூர்ணிமா, "சித்தப்பா, நீங்க அந்த அக்காவ அழ வச்சிட்டீங்க" என்றாள். "அந்தப் புள்ளையும் பாவந்தான். அதுக்கும் கண்ணு ரெண்டுதான் இருக்கு" என்றார் அவர்.

அடுத்தது அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு. காலை ஏழரைக்குச் சீட்டு வாங்கிப் பதினொன்றுக்கு உள்ளே போனார்கள். டாக்டர் தஹ்மீனா கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை இருக்கிறதா, முன்னால் காயம் பட்ட இடம் தடித்து மேடாகியிருக்கிறதா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

"போயிடும்மா. வெறும் கருப்பு மைதான், அதனால நல்லாவே போகும். அஞ்சாறு தடவை வரணும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல ஆறுலேர்ந்து எட்டு வாரம் விடணும்."

வானதி மனதுக்குள் வாரங்களைக் கூட்டினாள். "குத்தறப்ப ஒரு மணி நேரந்தான் ஆச்சு. எடுக்க ஒரு வருசமா?"

"லேசர் மையை எடுக்காது. உள்ள இருக்கற மையைப் பொடியா உடைக்கும், அவ்வளவுதான். உடைஞ்சதைக் கொஞ்சங்கொஞ்சமா வெளிய கொண்டுபோறது உங்க உடம்பு. அது தன் வேகத்துலதான் செய்யும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினா தோல் வெந்துடும். நம்ம மாதிரி நெறத்துக்கு வெள்ளையாத் திட்டு விழும், இல்லைன்னா தழும்பு தடிக்கும்."

"கட்டிய உடைக்கறது ஏரு, கரைக்கறது தண்ணி" என்றாள் வானதி.

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அதேதான். இத நானே இனிமே எல்லாருக்கும் சொல்வேன். இன்னொண்ணு. லேசர் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம், வச்சப்புறம் ஒரு மாசம், அந்தக் கையில வெயில் படக்கூடாது. புண்ணு ஆறறவரைக்கும் சேறு கூடவே கூடாது."

வானதி சிரித்துவிட்டாள். "வெயில் படாத எடம் எங்க ஊர்ல சாமி கருவறை ஒண்ணுதான் டாக்டர்."

"அப்ப வேலை இல்லாத மாசமாப் பாத்து ஆரம்பிப்போம். கல்யாணத்துக்கு முழுக்கை ரவிக்கை தச்சுக்குங்க. ஆனா ஒண்ணு, இதக் கேட்டுட்டு வீட்டுல எதையும் தடவாதீங்க. உப்பு வச்சுத் தேய்க்கறது, சுண்ணாம்பு, ஆசிட்டு, யூடியூப்ல விக்கிற கிரீமு, எதுவும் வேணாம். அதெல்லாம் மையை எடுக்காது, தோலைத்தான் எடுக்கும்."

வானதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேட்டது எதையும் மறக்கவுமில்லை. ஆவணி பன்னிரண்டுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம் இருந்தது.

முழுக்கை ரவிக்கை யோசனையை வயலில் சொன்னபோது நாகம்மாள் ஒரே வாக்கியத்தில் முடித்தாள்: "நாப்பது வயசுல கல்யாணம் பண்ற, அதுல முழுக்கை ரவிக்கை வேற போட்டா, என்னத்தையோ மறைக்கிறான்னு ஊரே குனிஞ்சு பாக்கும்."

பிறகு தன் வைத்தியத்தைச் சொன்னாள். சேங்கொட்டை. அந்தக் காலத்தில் வெளுக்கப் போட்ட துணியில் எந்த வீட்டுத் துணி என்று குறிபோடப் பயன்பட்ட கொட்டை. அதன் பால் துணியில் பட்டால் எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. போகவே போகாத கறையைப் போடுகிற ஒரு பொருள், கையில் இருக்கும் கறையைப் போக்கும் என்பதுதான் நாகம்மாளின் மருத்துவம். கேட்பவர்கள் யோசித்திருக்கலாம். ஆனால் நாகம்மாள் ஒருத்தியின் காலில் இருந்த மருவை அதனால் எடுத்தது ஊரறிந்த விஷயம். டாக்டர் தஹ்மீனா வடகரைக்குடியில் யாருடைய மருவையும் எடுத்ததில்லை. கம்பெனிப் பெயர் இல்லாத மெஷினைக் கண்டு எழுந்து வந்தவள், கொட்டைக்குக் கையை நீட்டினாள். மருத்துவர் பேச்சைக் கேட்காத முட்டாள்தனம் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வருடம் ஆகும் என்கிறவர் ஒருவர், ஒரு வாரம் போதும் என்கிறவர் இன்னொருவர், கையில் இருப்பதோ ஒரு மாதம் என்றால் படித்தவர்கள் யாரிடம் போவார்கள் என்றும் சொல்வதற்கில்லை.

எப்படித் தடவினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. படித்துவிட்டு யாராவது செய்து பார்ப்பார்கள். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு எழுத்து மட்டும் முதலில் என்று வானதி சொன்னாள். அந்த மட்டும் அவளுக்குப் புத்தி இருந்தது. அந்தப் புத்திதான் பிறகு மிச்சக் கையைக் காப்பாற்றியது. பூர்ணிமா விடுதியில் இருந்தாள். ரெத்தினத்திடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே எரிய ஆரம்பித்தது. "எரிஞ்சாத்தான் எடுக்குதுன்னு அர்த்தம்" என்றாள் நாகம்மாள். மறுநாள் நெல்லிக்காய் அளவில் கொப்புளங்கள். "பாத்தியா, வெளிய வருது." மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்தது. குறுவைக்குக் களை எடுக்கிற நேரம். வானதி துணியைச் சுற்றிக்கொண்டு வயலில் இறங்கினாள். துணி சேற்றுத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து மறுபடி ஊறியது. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சலோடு வந்து, குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கப் பார்த்தாள். பிடிபடவில்லை. புண்ணில் வலி இருந்தது, அது பழகிவிட்டது. ஆனால் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் ஒன்றை ஒன்று தொட மறுத்தன. புறங்கை வீங்கிப் பளபளவென்று இருந்தது. முழங்கை வரைக்கும் சிவப்பு ஏறியிருந்தது.

அவள் அந்தக் கோரையை இடது கையால் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்தாள். நாகம்மாள் ஓடிவந்து கையைப் பார்த்தாள். அறுபது வருடத்தில் முதல் முறையாக அவளிடம் சொல்ல வைத்தியம் இல்லை. "மெக்கானிக்குக்குப் போன் போடுங்கடி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. கையைக் கம்பியில் தூக்கிக் கட்டி, ஊசியும் டிரிப்புமாக ஏற்றினார்கள். டாக்டர் தஹ்மீனா வார்டுக்கு வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா நாம கையப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம், உசிரப் பத்திப் பேசிக்கிட்டு இருப்போம். நான் அவ்வளவு சொன்னேனேம்மா?"

"நீங்க சொன்ன லிஸ்ட்டுல சேங்கொட்டை இல்லையே டாக்டர்" என்றாள் வானதி. குதர்க்கமாகச் சொல்லவில்லை. அவள் உண்மையிலேயே அந்தப் பட்டியலை வரி தவறாமல் கடைப்பிடித்திருந்தாள்.

டாக்டர் கோபப்பட வாயைத் திறந்து, மூடி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சேத்துக்கிறேன்" என்றார்.

"வெரலு மடங்குமா?"

பெயர் போகுமா என்று அவள் கேட்கவில்லை.

"வீக்கம் வடியட்டும். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பொய் சொல்லத் தெரியாதவர். அந்த நேரத்தில் அது அவ்வளவு நல்ல குணமாகப் படவில்லை.

ரெத்தினம் பட்டறையைப் பூட்டிவிட்டு ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தார். பெண்கள் வார்டு என்பதால் பார்க்கிற நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். வந்தால் வானதியின் கையைப் பார்க்காமல் டிரிப் ஸ்டாண்டின் சக்கரத்தைப் பார்ப்பார். அது ஒரு பக்கம் ஆடுகிறது என்று நர்ஸிடம் இரண்டு முறை புகார் சொன்னார்.

"என்னாலதான" என்றார் ஒருநாள்.

"ஒங்களுக்குன்னா நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க. அதனாலதான் சொல்லல. இது எனக்காக" என்றாள் வானதி. "இந்தக் கை இத்தன வருசமா என்னக் கேக்காமலே பதில் சொல்லிட்டு இருக்கு. கோயில்லயும் சொல்லிச்சு. நான் சொல்லாத பொய்ய அது சொல்லுது. எத்தன நாளைக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கறது?"

காயில் கருகிய மோட்டார் வந்தால் ரெத்தினம் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படி உட்கார்ந்திருந்தார்.

நாகம்மாள் ஐந்தாம் நாள் வந்தாள். சாத்துக்குடிப் பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றாள். "என் கையே வெந்த மாதிரி இருக்குடி."

"ஒன் கை நல்லாத்தான இருக்கு, அக்கா. வெத்தல மடிக்கிறியே."

"திட்டிடு. திட்டிட்டன்னா நான் போயிடுவேன்."

"காய்ச்சல் போகட்டும். தெம்பு வந்து திட்டறேன். இப்ப ஒக்காரு."

நாகம்மாள் உட்கார்ந்து அழுதாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் என்னவென்று விசாரிக்க, இவளுக்கு என்ன வைத்தியம் செய்தேன் என்று நாகம்மாள் ஆதியோடு அந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். வானதிதான் நிறுத்தினாள். "போதும்க்கா. அந்தக்கா கையிலயும் பேரு இருக்கு."

ஏழாம் நாள் கட்டை விரல் நடுவிரலைத் தொட்டது. ஆள்காட்டி விரல் தொட இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். வானதி வீட்டுக்கு வந்து பந்தை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு தட்டில் உளுந்தும் பச்சைப்பயறும் கலந்து கொட்டி, மூன்று விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்து முடித்ததும் பூர்ணிமாவை விட்டு மறுபடி கலக்கச் சொல்வாள். எஸ்.பூர்ணிமா கலப்பாள். கையில் இருப்பதை என்றைக்காவது அழித்துவிடலாம்; மகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற அந்த ஒற்றை எழுத்துக்கு உலகத்தில் லேசர் இல்லை. அதைப் பற்றி அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டதில்லை.

கல்யாணம் ஆவணி பன்னிரண்டிலேயே நடந்தது. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டு. பெயர் யாருக்கும் தெரியவில்லை. அவள் ஆசைப்பட்டபடியேதான் ஆயிற்று என்று சொல்லவேண்டும். கேட்டதைக் கொடுப்பதில் தெய்வத்துக்கும் ஒரு குறும்பு உண்டு. கையைப் பிடித்துக் கொடுக்கும் நேரத்தில் ரெத்தினம் விரல் நுனிகளை மட்டும், சூடான பாத்திரத்தைத் தொடுகிறவர் மாதிரி பிடித்துக்கொண்டார். வந்திருந்தவர்கள் எல்லோரும் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். "சுடுதண்ணி" என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள் நாகம்மாள்.

சம்பா நடவுக்கு வானதி போகவில்லை. போக முடியவில்லை. புரட்டாசி முழுக்க வீட்டு வாசலில் நின்று நடவுக்காரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தை அறுவடைக்குள் மூன்று விரலுக்கும் பழைய பிடி வந்தது; ஆனால் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் இருந்தால் ஆள்காட்டி விரல் விறைத்துக்கொள்ளும். புண் இருந்த இடத்தில் இரண்டு எழுத்துக்குப் பதிலாகக் கயிறு போல் ஒரு தழும்பு. அதற்குள் கூர்ந்து பார்த்தால் மை அப்படியே இருந்தது. தோலைத்தான் எடுக்கும், மையை எடுக்காது என்று டாக்டர் சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்திருந்தது.

ஆறு மாதம் பொறுத்து, வேலை இல்லாத மாசியில் லேசர் ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு புள்ளியில் வைத்துப் பார்த்து, தோல் எப்படி இருக்கிறது என்று கவனித்து, பிறகுதான் மற்ற எழுத்துகள். தழும்பைக் கடைசியாகப் பார்ப்போம், முழுசாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். வானதிக்கு ஒரு கண்ணாடி, டாக்டருக்கு ஒன்று, நர்ஸுக்கு ஒன்று. ரெத்தினம் தானும் ஒன்று கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, மெஷினின் கம்பெனிப் பெயரையும் வாட்ஸையும் படித்துத் திருப்தியடைந்தார். டக் டக்கென்று சத்தம். வடை சுடும்போது எண்ணெய் தெறிக்கிற மாதிரி வலி. பட்ட எழுத்து ஒவ்வொன்றும் உடனே வெள்ளையாகப் பொங்கிச் சில நிமிடத்தில் அடங்கியது. கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். வந்தது, உடைக்கவில்லை. நாகம்மாள் தினமும் வந்து, ஒருவரும் அதைத் தொடாதபடி காவல் இருந்தாள்.

சித்திரை முடிகிற சமயத்தில் இரண்டாவது முறையும் முடிந்தது. முதல் எழுத்து வெளிறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. டாக்டர் தேதிப் புத்தகத்தைத் திருப்பினார்.

"நல்லா வருதும்மா. அடுத்தது எட்டு வாரம் கழிச்சு. ஆனிக் கடைசியில வாங்க."

"ஆனியில ஆவாது டாக்டர்."

"ஏன்?"

"மேட்டூர்ல தண்ணி வுட்டா குறுவை நடவு. போன சம்பாவே எனக்குப் போச்சு. வெரலு இப்பதான் வழிக்கு வந்துருக்கு. ஆடிக் கடைசில வரட்டுமா? அத்தன நாளு தள்ளிப்போனா தப்பாயிடுமா?"

"தள்ளிப்போனா ஒரு தப்பும் இல்ல. முந்தினாத்தான் தப்பு. ஆனா நடவுல முழுக்கைச் சட்டை போட்டுக்கணும், வெயில் படக்கூடாது. புண்ணு முழுசா ஆறியிருந்தாத்தான் சேத்துல எறங்கணும். எறங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து காட்டிட்டுப் போங்க."

"காட்டறேன். நடவுக்கு எல்லாரும் ஆம்பளச் சட்டைதான் போடுவோம். இவரு சட்டை ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்."

ரெத்தினத்துக்கு இது புதுச் செய்தி. எந்தச் சட்டை என்று கேட்கப் பார்த்தார். டாக்டர் பேனாவை மூடாமல் வானதியையே பார்த்தார். போன வருடம் ஒரு மாதத்தில் எல்லாம் போகவேண்டும் என்று வந்து நின்ற அதே பெண்.

"இப்ப அவசரம் இல்லையா?"

வானதி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். சிவந்து கிடந்த முன்கையை ஒரு தடவை பார்த்தாள்.

"நாத்துதான் டாக்டர் காத்துக்கிட்டு இருக்காது, முத்திப்போயிடும். இந்தக் கையில உள்ளவரு பன்னண்டு வருசமா எங்கயும் போவாம இங்கயே கெடந்தாரு. இன்னும் ரெண்டு மாசம் கெடக்கட்டும்."

டாக்டர் ஆடி இருபத்தெட்டு என்று எழுதினார்.